சிம்பிள் பிளானோட ரெண்டாவது ஆல்பம்: அந்த மெருகு நல்லதா, கெட்டதா? எங்க பேண்டுக்குப் பதில் வேணும்

மூணாம்லயம் எழுதியது:

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. மலேசியாவுல சுங்கை சிப்புட்லேர்ந்து எழுதுறேன். நாங்க நாலு பேரு சேர்ந்து தமிழ்ல பாப் பங்க் வாசிக்கிறோம், பாப் மெட்டு கலந்த வேகமான ராக். டிரம்ஸ் அடிக்கிறவன் திருவிழா நேரத்துல உறுமி மேளத்துக்குப் போறவன், அதனால வேகத்துக்குப் பஞ்சமே இல்ல. போன வருசம் ஈப்போவுல ஒரு ஜேமிங் ஸ்டூடியோவுல சில பாட்டுங்களப் பதிவு பண்ணோம். எல்லாரும் ஒரே அறையில நின்னு ஒரே மூச்சுல வாசிச்சது.

இப்ப ரெண்டாவது பதிவு, வேற ஸ்டூடியோ. அங்க உள்ளவரு எங்க பாட்டக் கேட்டுட்டு, கிளிக் டிராக் போட்டு, அதாவது காதுல டிக் டிக்னு ஓடுற தாளத்தோட, வாசிங்க, ரெண்டு பாட்டோட வேகத்தக் குறைங்க, கோரஸ்ல குரல ரெண்டு மூணு தடவ பாடி அடுக்குவோம், ஒரு பாட்டுக்குக் கீபோர்டுல வயலின் சேர்ப்போம்னு சொன்னாரு. எனக்கும் கித்தார்காரனுக்கும் பிடிச்சிருக்கு. பேஸ் கித்தார் வாசிக்கிறவனுக்குக் கொஞ்சமும் பிடிக்கல. அவன் எடுத்துக் காட்டுறது கனடாவோட பாப் பங்க் பேண்டு சிம்பிள் பிளானோட ரெண்டாவது ஆல்பம், 2004ல வந்த ஸ்டில் நாட் கெட்டிங் எனி. "மொத ஆல்பத்துல பையனுங்களா இருந்தாங்க, ரெண்டாவதுல கம்பெனிக்காரனுங்களா ஆயிட்டாங்க. நமக்கும் அதான் நடக்கும்"னு சொல்றான்.

நான் ரெண்டையும் மாத்தி மாத்திக் கேட்டேன். எனக்கு ரெண்டாவதுதான் மனசுல நிக்குது. ஆனா அது வந்தப்ப நாங்க கைக்குழந்தைங்க. அந்தச் சமயத்துல கேட்டவங்க சொல்லுங்க: நம்ம ஆளுங்க அத எப்படி எடுத்துக்கிட்டாங்க? அதத் தயாரிச்ச பாப் ராக்குங்கிறவரு உள்ள உக்காந்து என்னதான் பண்ணாரு?

இன்னொண்ணும் சொல்லிடுறேன். இந்தப் பதிவுல வரப்போற ஒரு பாட்டு எங்க பாட்டியப் பத்தினது. பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவங்க. தோட்டத்த வித்தப்ப லயத்து வீட்டக் காலி பண்ணச் சொன்ன கதை. மொத பதிவுலயும் அந்தப் பாட்டு இருந்துச்சு. பாட்டியப் பக்கத்துல உக்கார வச்சுப் போட்டுக் காட்டினேன். கடைசி வரைக்கும் கேட்டாங்க. கேட்டுட்டு, "நல்லா இருக்குய்யா, எதப் பத்தின பாட்டு?"ன்னாங்க.

---

புந்தோங்காரன் எழுதியது:

தம்பி, உங்கள் பேஸ்காரர் பக்கம் பேச ஓர் ஆளாவது வேண்டும். நான் பேசுகிறேன்.

2002இல் வந்த முதல் ஆல்பத்தை நான் வாங்கியது ஈப்போவில். ஆர்னல்ட் லானி தயாரித்தது. அதில் குறை நிறைய உண்டு, ஆனால் அடுத்த பாட்டில் என்ன வரும் என்று ஊகிக்க முடியாது. வேற்றுக்கிரகப் பெண்ணைக் காதலிப்பதாக ஒரு பாட்டு. பிளிங்க் 182இன் மார்க் ஹாப்பஸ் ஒரு பாட்டில் வந்து பாடுவார், குட் சார்லட்டின் ஜோயல் மேடன் இன்னொன்றில் வருவார். நண்பர்கள் கூடிக் கூத்தடிக்கும் வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருக்கும்.

இரண்டாவதில் அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது. மொத்தம் 11 பாட்டு. பெரும்பாலானவை நடுத்தர வேகம், கோரஸ் வரும்போது எல்லாக் கித்தாரும் ஒன்றாக எழும். வெல்கம் டு மை லைஃப் பாட்டில் வரும் பையன் யார்? எந்த ஊர்? அவனுக்கு என்ன நடந்தது? ஒன்றும் தெரியாது. எல்லாருக்கும் பொருந்த வேண்டும் என்று தைத்த சட்டை அது. அமெரிக்காவின் பில்போர்ட் ஆல்பம் பட்டியலில் 3ஆம் இடம் வரை போனது, அதை மறுக்கவில்லை.

சுத்தமாகப் பதிவு செய்வதே குற்றம் என்று நான் சொல்ல வரவில்லை. அதற்கு ஒரு மாதம் முன்பு, 2004 செப்டம்பரில், கிரீன் டே குழுவின் அமெரிக்கன் இடியட் வந்தது. அதுவும் பளிங்கு மாதிரி ஒலிக்கும் ஆல்பம்தான். ஆனால் அதற்கு ஒரு நாடு இருந்தது, அந்த நாட்டின் மேல் கோபம் இருந்தது. சிம்பிள் பிளானின் சோகத்துக்கு முகவரி இல்லை. என் வருத்தம் அதுதான்.

உங்கள் பாட்டிக்கு முகவரி இருக்கிறது. லயத்தின் எண் உட்பட எல்லாமே பாட்டில் இருக்கட்டும். வேகத்தையும் விட்டுக்கொடுக்காதீர்கள். மெதுவாக்கச் சொல்பவர்கள் அடுத்து வரிகளையும் மாற்றச் சொல்வார்கள்.

---

மிக்சர்மேசை எழுதியது:

நான் பேராக்ல கோயில் திருவிழா, கல்யாண விருந்து, மேடைக் கச்சேரின்னு சவுண்ட் போடுற ஆளு. பாப் ராக் கேள்விக்கு நான் பதில் சொல்றேன்.

அவர் கனடாக்காரர், சிம்பிள் பிளானும் கனடா, மொன்றியல் பசங்க. 1991ல ஹெவி மெட்டல் பேண்டு மெட்டாலிக்காவோட கறுப்பு அட்டை ஆல்பத்தத் தயாரிச்சவர் அவர்தான். அப்பவும் பழைய ரசிகர்கள் இதே புகாரத்தான் சொன்னாங்க: வேகம் போச்சு, பாட்டு சுருங்கிப்போச்சு, ரேடியோவுக்குப் போயிட்டாங்கன்னு. ஆனா 2003ல அதே மெட்டாலிக்காவுக்கு அவர் தயாரிச்ச செயின்ட் ஆங்கர் ஆல்பத்தக் கேட்டுப் பாருங்க. ஸ்னேர் டிரம் தகர டின்னு மாதிரி அதிரும், கித்தார் சோலோ ஒண்ணுகூட இல்ல, அவரே பேஸ் வாசிச்சிருக்காரு. அவ்வளவு கரடுமுரடு. அதுக்கு அடுத்த வருசம் சிம்பிள் பிளான். ஒரே ஆளு, ஒரு வருச இடைவெளி. ஸ்டூடியோவுல உக்காந்திருக்கிறவர் மெருகு போட்டே தீருவாருன்னு நெனைக்காதீங்க. உங்களுக்கு என்ன வேணும்னு நீங்க தெளிவாச் சொன்னா நல்ல ஆளு அதத் தருவாரு.

அந்த ஆல்பத்துல காதால கேட்டு நான் புரிஞ்சுக்கிட்டது: கித்தார் ஒரே வாசிப்ப இடது பக்கம் ஒரு தடவ, வலது பக்கம் ஒரு தடவ தனித்தனியா வாசிச்சு வச்சிருக்காங்க. நடு இடம் காலியா இருக்கு, குரல் அங்க உக்காருது. கோரஸ்ல குரலுக்கு மேல குரல். டிரம்ஸ் ஒவ்வொரு அடியும் ஒரே கனம். சத்தத்துல ஏத்த இறக்கத்த அழுத்திச் சமமாக்கிட்டாங்க, அதனால சின்ன ஸ்பீக்கர்லயும் எதுவும் தொலையாது.

இப்ப உங்க பாட்டி விசயத்துக்கு வர்றேன், ஏன்னா எனக்கு அதான் முக்கியமாப் படுது. பேச்சுல மெய்யெழுத்துங்க தெளிவாக் கேக்குறது ஏறக்குறைய 1,000லேர்ந்து 4,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் உள்ள இடத்துல. டிஸ்டோர்ஷன் போட்டு கரகரப்பாக்கின கித்தாரும் அங்கதான் குந்தும். டிரம்ஸோட தட்டு, அதான் சிம்பல், அதுக்கும் மேல பரவும். நீங்க எல்லாரும் ஒரே அறையில வாசிச்சீங்கல்ல, அப்ப பாடகரோட மைக்ல கால்வாசி குரல், மிச்சமெல்லாம் சிம்பல். பிறகு யாரு உக்காந்து கழுவினாலும் அது போகாது. குரலக் கூட்டினா சிம்பலும் கூடும். பாட்டியோட காது மேல பழி போடாதீங்க, மைக்கக் கேளுங்க.

அதனால டிரம்ஸ மொதல்ல வாசிங்க, குரலக் கடைசியாத் தனியா எடுங்க. இது ஒண்ணு போதும், பாதி வேலை முடிஞ்சிடும். கிளிக் டிராக்குக்குப் பயப்படாதீங்க. உறுமிக்காரர் கோரஸ்ல தானா வேகம் எடுப்பாரு, அது அவரோட ரத்தம். கிளிக்லயும் அந்த எடத்துல வேகத்தக் கூட்டி வைக்கலாம், ஸ்டூடியோக்காரர்கிட்ட கேளுங்க. கீபோர்ட் வயலின் மட்டும் வேணாம். நம்ம ஊர்ல வயலின் கத்துக்கிற பிள்ளைங்க இருக்காங்க, ஒருத்தரக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்க.

---

தோட்டத்துக்காரி எழுதியது:

தம்பி, 2004ல நம்ம ஆளுங்க எப்படி எடுத்துக்கிட்டாங்கன்னு கேட்டீங்க. எங்க தோட்டத்துல எப்படின்னு சொல்றேன். நானும் சுங்கை சிப்புட் பக்கம்தான்.

தமிழ்ப்பள்ளி முடிச்சு நான் 2003ல இடைநிலைப்பள்ளிக்குத் தயார் பண்ற புகுமுக வகுப்பு, 2004ல படிவம் 1. கணக்கையும் அறிவியலையும் ஆங்கிலத்துல படிச்சுக் குடுக்கணும்னு அரசாங்கம் 2003லதான் ஆரம்பிச்சாங்க. எங்க செட்டுக்கு மலாயே அப்பதான் வாயில வந்துச்சு. அதுக்குள்ள அறிவியல் புத்தகம் ஆங்கிலத்துல. ஆசிரியர் பேசுறது ஒரு பக்கம் ஓடும், நான் ஒரு பக்கம் உக்காந்திருப்பேன். வீட்ல கேக்க ஆள் இல்ல. அம்மா செம்பனைக்கு மருந்தடிக்கிற வேலை, அப்பா குலை வெட்டுற வேலை. ரெண்டு பேரும் இருட்டுல போயி வெயில்ல திரும்புவாங்க.

அண்ணன் பாசார் மாலாம்ல, அதான் ராத்திரிச் சந்தையில, அஞ்சு வெள்ளிக்கு ஒரு எம்பி3 சிடி வாங்கிட்டு வந்தான். அட்டையில பாட்டுப் பேருகூடச் சரியா இருக்காது. ஒரே சிடியில சிம்பிள் பிளானோட ரெண்டு ஆல்பமும், கூட ஏதேதோ பேண்டும் இருந்துச்சு. அண்ணனுக்கு மொத ஆல்பம்தான் உயிரு. வேகமா இருக்கும், கத்தலாம், அறையில குதிக்கலாம். நான் குதிக்கிற பிள்ளை இல்ல. அடுப்படியில உக்காந்து நோட்டுப் புத்தகத்துல வார்த்தைகள எழுதுற பிள்ளை. மொத ஆல்பத்துல எழுத முடியாது. ஒரு வரியப் பிடிக்கிறதுக்குள்ள மூணு வரி போயிடும். ரெண்டாவது ஆல்பத்துல முடிஞ்சுச்சு. பாடகர் பியர் பூவியே ஒவ்வொரு சொல்லையும் கடைசி எழுத்து வரைக்கும் வாயில வச்சு முடிப்பாரு. பாட்டு மெதுவா நடக்குது, குரல் முன்னால நிக்குது, ஒரே கோரஸ் திரும்பத் திரும்ப வருது. மொத சுத்துல விட்டத ரெண்டாவது சுத்துல பிடிச்சுக்கலாம். வீட்லயும் தெருவுலயும் பிரெஞ்சு பேசுற ஊர்ல வளர்ந்த பசங்கன்னு பிறகுதான் தெரிஞ்சுக்கிட்டேன். அதுல எனக்கு ஒரு பெருமை. ஏன்னு கேட்டா சொல்லத் தெரியாது.

மிக்சர்மேசை அண்ணன் சொன்ன அந்த "நடு இடம் காலியா இருக்கு" விசயம் எனக்கு இன்னிக்குத்தான் தெரியும். ஆனா அந்தக் காலி இடத்துல உக்காந்துதான் நான் ஆங்கிலம் படிச்சேன். எங்க வீட்டு ரேடியோவுல ஒரு ஸ்பீக்கர் செத்துப்போயிருந்துச்சு. மிச்சம் இருந்த ஒண்ணுலயும் அந்தக் குரல் தெளிவா வந்துச்சு. பெரிய கம்பெனி, பெரிய தயாரிப்பாளர், பெரிய காசு, எல்லாம் உண்மை. அந்தக் காசுல செஞ்ச வேலை எங்க அடுப்படி வரைக்கும் வந்து சேந்துச்சு, அதுவும் உண்மை.

புந்தோங் அண்ணனுக்கு ஒரு வார்த்தை. அந்தச் சோகத்துக்கு முகவரி இல்லன்னு எழுதியிருக்கீங்க. சரிதான். பாட்டுல ஊர் பேரு இல்லாததாலதான் நான் எங்க லயத்த அதுக்குள்ள வச்சேன். அப்ப வந்த எந்தப் பாட்டுலயும் எங்க தோட்டம் கிடையாது, தமிழ்நாட்டுல இருந்து வந்த பாட்டுலயும் கிடையாது. எதுலயும் இல்லாதவளுக்கு காலியா ஒரு இடம் கெடச்சா அது பெரிசு அண்ணே. கிரேசின்னு ஒரு பாட்டு இருக்கே, அழகு அழகுன்னு பொண்ணுங்கள எப்படி வதைக்கிறாங்கன்னு சொல்ற பாட்டு. எங்க வகுப்புல பாதிப் பிள்ளைங்க முகத்துக்கு வெள்ளையாக்குற கிரீம் தடவிட்டு வருவாங்க. அந்தப் பாட்ட நோட்டுல எழுதி, பக்கத்துல உக்காந்த பிள்ளைக்குத் தமிழ்ல அர்த்தம் சொன்னது நான்தான். பாடத்துல வாய் திறக்காதவ அன்னிக்கு முழுக்கப் பேசினேன்.

ஆனா தம்பி, உங்க பாட்டி பாட்டு வேற. அதுக்கு ஊரு இருக்கணும், அதுல புந்தோங் அண்ணன் சொல்றதுதான் சரி. லயம், ஒட்டுப்பால் நாத்தம், காலி பண்ணச் சொல்லி வந்த கடுதாசி, எல்லாம் இருக்கட்டும். அதெல்லாம் இருந்தும் பாட்டிக்குக் கேக்கலன்னா யாருக்காகப் பாடுறீங்க?

வேகத்தக் குறைச்சே ஆகணும்னும் நான் சொல்லல. 2006ல நம்ம யோகி பி & நட்சத்திராவோட வல்லவன் வந்துச்சு. தமிழ் ராப், எவ்வளவு வேகம்! ஆனா ஒரு சொல் தவறாது. எங்க தோட்டத்துல மோட்டோர் ஓட்டுற பசங்கல்லாம் அத மனப்பாடமாச் சொல்லுவாங்க. அதுவும் நல்லா மெருகு ஏத்தின பதிவுதான். நம்ம ஆளுங்க சர்வதேசத் தரத்துல பண்ணிட்டாங்கன்னு எல்லாரும் நெஞ்ச நிமித்தினாங்க. மெருகு ஏத்தினதால விலை போயிட்டாங்கன்னு ஒருத்தர் வாயிலயும் வரல. வெள்ளைக்காரப் பேண்டுக்கு ஒரு நியாயம், நமக்கு ஒரு நியாயமா? ரெண்டுக்கும் நான் கேக்குறது ஒரே கேள்விதான்: சொல்ல வந்தது போய்ச் சேருதா?

உங்க பேஸ்காரத் தம்பி மேல எனக்குக் கோவம் இல்ல. அவருக்கு இருக்கிற பயம் நல்ல பயம். முகம் மாறிடுமோன்னு பயப்படுறாரு. எத மாத்தக் கூடாதுன்னு அவரையே ஒரு தாள்ல எழுதச் சொல்லுங்க. அந்தத் தாளோட ஸ்டூடியோவுக்குப் போங்க.

---

கங்சார்மோட்டோர் எழுதியது:

யாரும் கடைசிப் பாட்டப் பத்திப் பேசலயே. அன்டைட்டில்டு. அந்த ஆல்பத்துலயே ரொம்ப மெருகான பாட்டு அதான், வயலின் கூட்டமெல்லாம் வச்சது. வீடியோவுல குடிச்சுட்டு ஓட்டுறவன் இன்னொரு காரு மேல மோதுவான். அந்தக் காருல இருந்த பொண்ணோட குடும்பம் வீட்டுக்குள்ள இருந்தபடியே தூக்கி வீசப்படுறதக் காட்டுவாங்க.

எங்க தோட்டத்துல சம்சு சாராயம் குடிச்சு மோட்டோர் ஓட்டி எத்தன பேரு போயிருக்காங்க. எங்க சித்தப்பா அதுல ஒருத்தரு. அவர் போன பிறகு சித்தி வீட்டுல எல்லாரும் ஒரே சமயத்துல கீழ விழுந்த மாதிரிதான் இருந்துச்சு, அந்த வீடியோவுல வர்ற மாதிரியே. அந்தப் பாட்டக் கரடுமுரடாப் பதிவு பண்ணியிருந்தா எனக்கு இப்படி எறங்கியிருக்காது. வயலின் வேணுமா வேணாமான்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி இத மட்டும் ஒருக்கா கேளுங்க.

---

மூணாம்லயம் எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பேஸ்காரன் பக்கத்துலதான் இருக்கான், எல்லாத்தையும் படிச்சான். தோட்டத்துக்காரி அக்கா சொன்ன தாள எழுதிட்டான். அதுல மொத வரி: பாட்டுல தோட்டத்தோட பேர எடுக்கக் கூடாது. ரெண்டாவது வரி: பாட்டி பாட்டத் தவிர மத்த எதையும் மெதுவாக்கக் கூடாது. நாங்க மூணு பேரும் ஒத்துக்கிட்டோம்.

மூணாவது வரிதான் சிக்கல். பாட்டி பாட்டுல வயலினுக்குப் பதிலா உறுமி வேணும்னு எழுதியிருக்கான். டிரம்ஸ்காரன் துள்ளிக் குதிக்கிறான். மிக்சர்மேசை அண்ணே, டிரம்ஸும் உறுமியும் ஒரே பாட்டுல வந்தா பாட்டியோட கதை மறுபடியும் சத்தத்துல போயிடாதா?

---

புந்தோங்காரன் எழுதியது:

உறுமி வருவதாக இருந்தால் அந்த ஒரு பாட்டை மெதுவாக்குவதில் எனக்கும் ஆட்சேபம் இல்லை. தோட்டத்துக்காரி, உங்கள் பதிலைப் படித்த பிறகு கிரேசி பாட்டை மறுபடியும் போட்டுக் கேட்டேன். காலி இடம் பற்றி நீங்கள் எழுதியதை நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். முதல் ஆல்பம் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை.

---

மிக்சர்மேசை எழுதியது:

போகாது தம்பி, ஒழுங்காப் பண்ணா. உறுமிக்கு ரெண்டு முகம், ரெண்டு மைக் வைக்கணும். அடிக்கிற பக்கத்துக்கு ஒண்ணு, குச்சியால தேய்க்கிற பக்கத்துக்கு ஒண்ணு. அந்தத் தேய்க்கிற பக்கம்தான் அழுவுற மாதிரி ஒலிக்கும், உங்க பாட்டுக்கு வேண்டியது அதுதான். அடிக்கிற பக்கத்த ரொம்பக் குறைச்சு வச்சுக்கலாம். டிரம்ஸோட சேத்து வாசிக்காதீங்க, தனியா எடுங்க. உறுமி வர்ற எடத்துல சிம்பலத் தொடவே வேணாம்.

குரலுக்கு அதனால இடைஞ்சல் இல்ல, ஏன்னா உறுமியோட அழுகை கீழ்ச் சுருதியில ஓடும். இடிக்கப் போறது பேஸ் கித்தாரோடதான். ரெண்டும் ஒரே எடத்துக்குச் சண்ட போடும். அதனால உறுமி பேசுறப்ப பேஸ் நிறுத்தணும், இல்லன்னா ஒரே சுரத்த நீட்டிப் பிடிக்கணும். கேட்டது அவர்தானே, எந்தெந்த எடத்துல விட்டுக்கொடுப்பாருன்னு அவரே முடிவு பண்ணட்டும். ஸ்டூடியோவுக்குப் போறதுக்கு முன்னாடி கைப்பேசியில ஒரு தடவ ரெண்டையும் சேத்துப் பதிவு பண்ணி இங்க போடுங்க. கேட்டுட்டு எங்க இடிக்குதுன்னு சொல்றேன். சனி ஞாயிறுல எனக்குத் திருவிழா வேலை, திங்கள்ல போட்டா நல்லது.